தனிச்சமையல் இல்லாமல் எடை குறைக்க முடியுமா? ஐந்து பேர் வீடு, ஒரே அடுப்பு

கொங்குக்கிளி, ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம்ங்க. இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

வயது 38, உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. பள்ளி அலுவலகத்தில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். போன மாதம் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 6.1 என்று வந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது. மருந்து இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். எப்படி என்று கேட்டதற்கு ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு சூப்பும் சாலடும்.

வீட்டில் மாமனார், மாமியார், கணவர், எட்டாவது படிக்கும் பையன், நான். காலை ஆறிலிருந்து எட்டு வரை அடுப்படியில் நிற்கவே நேரம் சரியாக இருக்கிறது. இதில் எனக்கென்று ஒரு ஓட்ஸ், ஒரு சூப் என்றால் ஒரு வாரம் ஓடும், அப்புறம்? இரவுக்கு எப்போதும் இட்லி, தோசைதான். வாரத்துக்கு இரண்டு தடவை மாவு ஆட்டுகிறோம். மாமியாருக்குச் சோறு இல்லாத சாப்பாடு, சாப்பாடே கிடையாது.

வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிட்டு எடை குறைக்க வழி இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?

—

சோறில்லாச் சீமான், சேலம்

வழி ஒன்றுதான். அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். முட்டை, கறி, மீன், பனீர், தேங்காய், காய்கறி. நான் இந்தப் பேலியோ உணவுமுறைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, தொப்பை போன இடம் தெரியவில்லை. முதல் பத்து நாளிலேயே மூன்று கிலோ இறங்கும். வீட்டில் சோறு வடித்தால் வடிக்கட்டும், நீங்கள் தொடாதீர்கள். மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும்.

—

நீர்மோர்த் தாத்தா, தாராபுரம்

அம்மணி, ஓட்ஸும் வேண்டாம், பனீரும் வேண்டாம். கம்பங்கூழும் ராகிக் களியும் சாப்பிட்ட தலைமுறையில் யாருக்குத் தொப்பை இருந்தது? எங்கள் பக்கம் மேட்டுக்காட்டு விவசாயிகள் நெல்லுச்சோறு கண்டதெல்லாம் நோம்பிக்கும் விருந்துக்கும்தான். பழையபடி சிறுதானியத்துக்கு மாறுங்கள். எல்லாம் சரியாகப் போய்விடும்.

—

பயறுக்காரி, மதுரை

நான் உணவியல் ஆலோசகர். கிளி, அந்தத் தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நேற்று ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். கிராம் கணக்கெல்லாம் வேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, உட்கார்ந்தா நின்றுகொண்டா, யார் யார் சாப்பிட்ட பிறகு, இது நான்கும் வேண்டும்.

—

கொங்குக்கிளி, ஈரோடு

எழுதுகிறேன் அக்கா.

ஐந்தரைக்கு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஏழரைக்குப் பையன் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை. எட்டரைக்கு நின்றபடியே மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் டீ, இரண்டு பிஸ்கட். மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாலு மணிக்கு மறுபடி டீ. வீட்டுக்கு வந்ததும் ஆறு மணிக்குப் பசி கண்ணைக் கட்டும். மிக்சர் டப்பாவில் கை போகும், கூட இன்னொரு டீ. இரவு மாமனார், மாமியாருக்கு எட்டு மணிக்கு, பையனுக்கு எட்டரைக்கு, கணவர் கடை அடைத்து வந்த பிறகு ஒன்பதரைக்கு. அப்புறம்தான் நான். நேற்று மாவு தீர்ந்துவிட்டது. மதியச் சோறு மீதி இருந்தது, ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். மதியம் செய்த பீன்ஸ் பொரியல் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

—

பயறுக்காரி, மதுரை

உங்களுக்கு மனக்கட்டுப்பாடு குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சாப்பிடும் வரிசைதான் கோளாறு. என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் இதே கதைதான் சொல்கிறார்கள். கடைசியில் சாப்பிடுபவருக்குச் சட்டியில் மிஞ்சுவது எது? சோறு மிஞ்சும், ரசம் மிஞ்சும், குழம்பில் அடியில் கொஞ்சம் மிஞ்சும். பொரியல், கூட்டு, பருப்பு, முட்டை, மீன் துண்டு இவையெல்லாம் முதல் பந்தியிலேயே போய்விடும். அதனால் ஒரே சமையலைத்தான் ஐந்து பேரும் சாப்பிடுகிறீர்கள் என்று வெளியே தெரிந்தாலும் உங்கள் தட்டில் மட்டும் மாவுச்சத்து கூடுதல், புரதமும் காயும் குறைவு. போதாததற்குப் பையனின் பாதித் தோசை.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரி வேண்டியவருக்கு ஒரு மாதிரித் தட்டு உண்டு. தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், கீரையோடு காய்கறி 400 கிராம். எல்லாமே சமைக்காத எடை. காயின் எடை தானியத்தைவிடக் கூட இருக்கிறது, பாருங்கள். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். ஐந்து பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் ஆளுக்கு 50 கிராம்தான் தேறும்.

இப்போதைக்கு மூன்றே வேலை. பொரியலும் பருப்பும் இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பே, உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். அதற்கு ஏற்றாற்போல் காயை இரண்டு மடங்கு வாங்குங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவுடன் ஒரு கிண்ணம் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு எதுவானாலும் சரி, காலையிலேயே வேகவைத்து வைத்துவிட்டால் வந்ததும் தாளிப்பதுதான் பாக்கி. டப்பாவில் கலந்த சாதத்துக்கு உருளை வேண்டாம், இரண்டும் மாவுச்சத்துதான். அந்த இடத்தில் முட்டையோ பயறுப் பொரியலோ வையுங்கள்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. காயும் பருப்பும் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால் சோறு தானாகக் குறையும், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

—

சோறில்லாச் சீமான், சேலம்

மேடம் சொல்வது நல்ல பிள்ளைகளுக்கான அறிவுரை. 6.1-இல் இருப்பவருக்கு இப்படி ஆற அமரச் செய்ய நேரம் இல்லை. சோறு உள்ளே போகிற வரைக்கும் இன்சுலின் ஏறத்தான் செய்யும்.

—

பயறுக்காரி, மதுரை

சீமான், உங்களுக்கு அது ஒத்துப்போயிருக்கிறது, மறுக்கவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் முதல் பத்து நாளில் இறங்கும் மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து வெளியேறுகின்றன. மறுபடி சோறு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று, படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இணையத்தில் பார்த்துப் புரதத்தைக் கூட்டவே கூடாது.

தாத்தாவுக்கும் ஒரு வார்த்தை. கம்பும் ராகியும் நல்லவைதான். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் மாவாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் சீக்கிரம் செரித்துவிடும், சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். மூன்று தோசைக்குப் பதில் மூன்று ராகி தோசை என்றால் எடை அப்படியே நிற்கும்.

—

நீர்மோர்த் தாத்தா, தாராபுரம்

சரி அம்மணி. ஆனால் கூழ் குடித்தவன் காட்டில் இறங்கி ஏர் ஓட்டினான், நாற்காலியில் உட்காரவில்லை. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் இல்லையா? அப்புறம் அரிசியைச் சும்மா பழிக்காதீர்கள். ரேஷனில் கிலோ இரண்டு ரூபாய்க்கு வந்தது 2006-இல், ஒரு ரூபாய் ஆனது 2008-இல், 2011 ஜூனிலிருந்து இலவசம். எத்தனையோ வீட்டில் பட்டினி போனது அதனால்தான். அரிசி மலிவானது, பருப்பும் காயும் மலிவாகவில்லை. ஏழை தட்டில் சோறு குவிந்திருப்பதற்குக் காரணம் நாக்கு ருசி மட்டும் இல்லை.

—

பயறுக்காரி, மதுரை

தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் உடல் எடை கூடியவர்கள், ஆண்களில் 37 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தால் இரண்டுமே 25-க்குக் கீழ். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

—

மளிகைக் கணக்கு, திருப்பூர்

ஒரு சின்னக் கேள்வி. கிளி, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?

—

கொங்குக்கிளி, ஈரோடு

கடலை எண்ணெய் நாலு, நல்லெண்ணெய் ஒன்று. ஐந்து லிட்டர்ங்க.

—

மளிகைக் கணக்கு, திருப்பூர்

ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. எடையில் 30 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 270 கலோரி எண்ணெயில் மட்டும். இது செக்கில் ஆட்டியதா, பாக்கெட்டா என்பதெல்லாம் அப்புறம். எந்த எண்ணெயானாலும் 9 கலோரிதான். மாதம் மூன்றரை லிட்டர் மட்டும் வாங்குங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லி குறையும், 80 கலோரி மிச்சம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் மளிகைச் செலவு குறைந்ததே என்று சந்தோஷப்படுவார்கள்.

சர்க்கரையும் அப்படித்தான். உங்கள் டீ நாலு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம். 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஸ்பூனாகக் குறைத்தாலே 20-க்கு வந்துவிடுகிறது. ஆனால் நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன், கருப்பட்டிக்கு மாறிவிட்டேன் என்று வராதீர்கள். கணக்கில் அதுவும் சர்க்கரைதான்.

—

ராத்திரி டூட்டி, சென்னை

நான் இரவுப் பணியில் இருப்பவன். கேன்டீனில் நள்ளிரவு பரோட்டா, விடிகாலையில் டீ. எனக்கு மேலே சொன்ன எதுவும் செட் ஆகாது. ஒன்றே ஒன்று மட்டும் பலன் தந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் முழுச் சாப்பாடு, பையில் வேர்க்கடலையும் இரண்டு அவித்த முட்டையும். வேர்க்கடலையைக் கைப்பிடியோடு நிறுத்த வேண்டும், 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது.

—

கால்நடை, ஈரோடு

இவ்வளவு யோசிப்பதற்குத் தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் முடிந்தது. வ.உ.சி. பூங்காவுக்கு வாருங்கள், நாங்கள் ஒரு கூட்டமே நடக்கிறோம்.

—

மளிகைக் கணக்கு, திருப்பூர்

அந்தக் கூட்டம் நடந்து முடித்ததும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும் சார். இரண்டு உளுந்து வடை, ஒரு டீ. நடந்தது அத்தனையும் அங்கேயே வரவு வைக்கப்பட்டுவிடும். நடங்கள், சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது. எடைக்கு அது மட்டும் போதாது.

—

கொங்குக்கிளி, ஈரோடு

மூன்று வாரம் ஆகிறது. எண்ணெய் குறைத்ததை யாரும் கவனிக்கவில்லை. சுண்டலுக்குப் பையனே காத்திருக்க ஆரம்பித்துவிட்டான், மிக்சர் டப்பா காலியான பிறகு மறுபடி நிரப்பவில்லை. டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை முதலில் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது.

சிக்கல் அந்தக் கிண்ணத்தில்தான். எல்லோருக்கும் முன்னால் எனக்கென்று எடுத்து மூடி வைப்பதை மாமியார் பார்த்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. "எங்க காலத்துல ஆம்பளைங்க சாப்பிட்டு எழுந்த பொறவுதான் சட்டியத் தொடுவோம்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதிலிருந்து கிண்ணம் எடுக்கவே கை வரவில்லை.

—

சோறில்லாச் சீமான், சேலம்

உடம்பு உங்களுடையது. யார் முகம் மாறினால் என்ன?

—

வாழையிலை, கோபி

சீமான், நீங்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் மருமகளாக இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கிளி, எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். கிண்ணம் எடுத்து வைப்பதை விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காருவது என்று மாற்றினோம். பாத்திரங்களைக் கூடத்தில் நடுவில் வைத்துவிட்டு, வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்வது. இரவு எட்டரை என்று ஒரே நேரம். கணவர் வர நேரமானால் அவர் பங்கைத்தான் எடுத்து மூடி வைக்கிறேன். அப்படி வைத்தால் யாருக்கும் கோபம் வராது, வேடிக்கையைப் பாருங்கள்! கடைசியில் சாப்பிடுகிறவர் நான் என்பது போய் அவர் என்று ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். தோசை என்றால்தான் தகராறு, ஒருவர் கல் முன்னால் நிற்க வேண்டும். அதனால் வாரத்தில் நாலு நாள் இட்லி, இடியாப்பம் என்று மொத்தமாக இறக்குகிற பலகாரமாக வைத்துக்கொண்டேன்.

மாமியாரிடம் உங்கள் ரிசல்ட்டைக் காட்டினீர்களா? அவருக்கே சர்க்கரை இருந்தால் அவர் பங்கையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இரண்டு கிண்ணமாக இருந்தால் பேச்சு வராது.

—

பயறுக்காரி, மதுரை

வாழையிலை சொன்னதுதான் நான் சொன்னதைவிட நல்ல யோசனை. இனி வருகிறவர்களுக்கும் அதையே சொல்லப்போகிறேன்.

—

பச்சைமிளகாய், திருச்சி

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? கிளி 21 நாள் தாண்டிவிட்டார், இனிமேல் கவலை இல்லைதானே?

—

பயறுக்காரி, மதுரை

அந்த 21-க்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2010-இல் வந்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரைக்கும் போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டுவிட்டேன், எல்லாம் போச்சு என்று மறுநாளும் பாயசம் குடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

—

கொங்குக்கிளி, ஈரோடு

நான்கு மாதத்துக்கு அப்புறம் வருகிறேன். மாமியாரிடம் ரிசல்ட்டைக் காட்டினேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காவிடம் அவருக்கும் சர்க்கரை பார்த்ததில் அவருக்கும் கூடுதலாக இருந்தது. இப்போது காய் வாங்க உழவர் சந்தைக்கு அவர்தான் மாமனாரை அனுப்புகிறார். இரவு எட்டரைக்கு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து உட்காருகிறோம்.

எச்பிஏ1சி 5.8. டாக்டருக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை. எடை 66 கிலோ, நான்கு மாதத்தில் இரண்டே கிலோ! சீமான் அண்ணா பத்து நாளில் மூன்று கிலோ என்றார். நான் எதையாவது சரியாகச் செய்யவில்லையா?

—

பயறுக்காரி, மதுரை

சரியாகத்தான் செய்கிறீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டு கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. எடைக் கருவி அசையாமல் இருந்தபோதே உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

அதற்காக எடை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் உயரத்துக்கு இப்போது பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) 27. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ் இருந்தால் நல்லது, 25 தாண்டினாலே உடல்பருமன் என்று கணக்கு. இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் எடை பார்ப்பதை வாரம் ஒரு முறையோடு நிறுத்திவிட்டுத் தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குக் கொழுப்பு முதலில் சேருவதே வயிற்றில்தான், கை கால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து எதை மாற்றலாம் என்றால் இரவு மாவு. வாரம் ஏழு நாளும் அரிசி மாவு வேண்டாம், இரண்டு நாள் அடை போடுங்கள். பருப்பு கூடினால் இரண்டு அடையிலேயே வயிறு நிறையும்.

—

கொங்குக்கிளி, ஈரோடு

இடுப்பு 88-இலிருந்து 84 ஆகியிருக்கிறது! சுடிதார் தளர்ந்ததால் சந்தேகம் வந்து, டாக்டர் முதலில் அளந்த சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

—

சோறில்லாச் சீமான், சேலம்

84 நல்ல முன்னேற்றம். சோறு இல்லாமல் இருந்தால் 80 ஆகியிருக்கும் என்பதையும் பதிவு செய்கிறேன்.

—

வாழையிலை, கோபி

சீமானுக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள் யாராவது. கிளி, அடைக்கு என்ன அளவு போடுகிறீர்கள்? எனக்குப் பருப்பு கூடினால் கல்லில் ஒட்டிக்கொள்கிறது.

—

கொங்குக்கிளி, ஈரோடு

மாமியார் கைப்பக்குவம் இது. இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, கொள்ளு அரை, உளுந்து கால். கொள்ளை மட்டும் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், மற்றவை மூன்று மணி நேரம் போதும். வரமிளகாய், சோம்பு, பூண்டு சேர்த்து ரவை பதத்துக்கு ஆட்டிக்கொள்ளுங்கள். நைஸாக ஆட்டினால்தான் ஒட்டும். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் ஊற்றுகிற சமயத்தில் கலக்க வேண்டும், முன்பே கலந்தால் நீர் விட்டுக்கொள்ளும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு மிதமான தீயில் வைத்து மூடி வேகவிட்டால் ஓர் அடைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். வெண்ணெய் வேண்டாம், தக்காளிச் சட்னி வைத்துக்கொள்ளுங்கள்.